எம்டனும் யமண்டனும்: விருந்தாளிப் போர்க்கப்பலைப் படமெடுப்பது பற்றி

போடிநாயக்கனூரில் ஒருவரைச் 'சரியான எம்டன்' என்று சொன்னால் ஆள் கில்லாடி, கறார், அவரிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேசணும் என்று அர்த்தம். ஏலக்காய் வியாபாரம் நடக்கிற ஊரில் இப்படி ஒரு சொல்லுக்கு வேலை அதிகம். தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்பில் ஏறி, மலைப்பாதையின் வளைவுகளைக் கடந்து, போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் இறங்கினால் அதே சொல் வேறு வேஷத்தில் எதிரே வரும். மலையாளத்தில் 'யமண்டன்' என்றால் பிரம்மாண்டமானது. பாறை யமண்டன், லாரி யமண்டன். 2006-ல் தமிழில் 'எம்டன் மகன்' என்று தொடங்கிய படம் பிறகு 'எம் மகன்' ஆனது. 2019-ல் மலையாளத்தில் 'ஒரு யமண்டன் பிரேமகதா' வந்தது. முன்னதில் அப்பாவின் குணம், பின்னதில் காதல் கதையின் சைஸ்.

இரண்டு சொல்லுக்கும் மூலம் ஒரே கப்பல் என்றுதான் பரவலாகச் சொல்வார்கள். எஸ்.எம்.எஸ். எம்டன் என்ற அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் மதராஸ் கரைக்கு வந்தது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். தேடுவிளக்கைப் போட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைச் சுட்டது, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அதன் நினைவுக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

அந்தத் தாக்குதலுக்குப் பிறகு எடுத்த படங்கள் உண்டு. டாங்கு எரிகிறது, கரும்புகை எழுகிறது. கப்பல் மட்டும் படத்தில் கிடையாது. அன்றைய ஃபிலிமையும் பிளேட்டையும் வைத்துக்கொண்டு அந்த இருட்டில், அந்தத் தூரத்தில் யாராலும் அதை எடுத்திருக்க முடியாது. படம் இல்லாத இடத்தில் கதை வந்து உட்கார்ந்துகொண்டது. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று நம்மூரில் இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நம்பத்தகுந்த ஆவணம் கிடையாது.

மலையின் ஒரு பக்கம் கப்பலின் தந்திரத்தை நினைவில் வைத்துக்கொண்டது, இன்னொரு பக்கம் அதன் அளவை. போர்க்கப்பல் புகைப்படங்களை மதிப்பிட இந்த இரண்டு சொற்களே போதும் என்று நினைக்கிறேன். யமண்டன் படம், எம்டன் படம். நல்லெண்ணப் பயணம் என்ற பெயரில் நம் கரைக்கு வருகிற வெளிநாட்டுப் போர்க்கப்பல்களை நாம் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை யமண்டன் படங்கள். 'எவ்வளவு பெருசு பாரு' என்று சொல்லிவிட்டு அவை நின்றுவிடுகின்றன. அந்தக் கப்பல் இங்கே என்ன செய்கிறது, வந்த பிறகு கரையில் என்ன மாறுகிறது என்று கேட்கும் எம்டன் படங்கள் மிகக் குறைவு. இப்போது ஃபிலிம் கேமராவைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிற தலைமுறை ஒன்று உருவாகியிருப்பதால் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

*

முதலில் யமண்டன் படத்தின் இலக்கணம். கப்பல் பக்கவாட்டில், முனையிலிருந்து வால் வரை முழுசாக, நடுவில். கீழே ஒரு பட்டை கடல், மேலே வானம். முன்புறத்தில் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். குறுக்கே படகோ ஆளோ வந்தால் 'ஃப்ரேம் கெட்டுப்போச்சு'. உலகம் முழுக்கக் கப்பல் ஆர்வலர்கள் இப்படித்தான் எடுக்கிறார்கள். 2016 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் சர்வதேசக் கடற்படை அணிவகுப்பு நடந்தபோது வந்த படங்களிலும் இந்த இலக்கணம்தான் அதிகம்.

இது எங்கிருந்து வந்தது? 1898-ல் ஃப்ரெட் ஜேன் என்ற ஆங்கிலேய ஓவியர் உலகப் போர்க்கப்பல்களையெல்லாம் வரைந்து ஒரு கையேடு வெளியிட்டார். எத்தனை புகைபோக்கி, பாய்மரம் எங்கே, பீரங்கி எங்கே என்று பக்கவாட்டு உருவத்தை வைத்தே தூரத்தில் வரும் கப்பலை அடையாளம் காணலாம். கப்பலின் பக்கவாட்டுப் படம் இப்படி எதிரியைக் கண்டுபிடிக்கிற வேலைக்கும் பயன்பட்டது. அழகு பார்ப்பது அதற்கு இரண்டாவது வேலை.

எம்டன் ஜெயித்ததும் இந்த இடத்தில்தான். அதற்கு மூன்று புகைபோக்கிகள். நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிவைத்துக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டது. 1914 அக்டோபர் 28 அதிகாலையில் அந்த வேஷத்தில் பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்து, ஷெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. பக்கவாட்டு உருவத்தை நம்பிய கண்கள் ஏமாந்தன. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் எம்டன் வீழ்ந்தது வேறு கதை.

போர்க்கப்பலின் சாம்பல் நிறம்கூட இந்த விளையாட்டின் பகுதிதான். கடல் மூட்டத்தில் கரைந்துபோவதற்காகத் தேர்ந்தெடுத்த நிறம் அது. கண்ணுக்குத் தப்புவதற்கென்று செய்த ஒரு பொருளை நாம் ஃபோகஸ் பண்ணி, பளிச்சென்று, எண் தெரிய எடுக்கிறோம். விருந்துக்கு வந்திருப்பதால் அதுவும் நின்று போஸ் கொடுக்கிறது. காட்ட விரும்பியதைத்தான் காட்டுகிறது என்பதை மறந்துவிட்டால் நம் படம் அவர்களுடைய விளம்பரப் படம் ஆகிவிடும். காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்த விளம்பரம்.

*

கொஞ்சம் கணக்குப் போடலாம். 2007 ஜூலை தொடக்கத்தில் அமெரிக்காவின் நிமிட்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் சென்னைக்கு வந்தது. அணுசக்தியில் ஓடுவது. இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்துப் போராடின. கப்பல் துறைமுகத்துக்குள் வரவில்லை, வெளியே நங்கூரமிட்டு நின்றது. கரையிலிருந்து சுமார் 2 கடல் மைல், அதாவது கிட்டத்தட்ட 3,700 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கப்பலின் நீளம் 333 மீட்டர். பழைய ஃபிலிம் கேமராவோடு வழக்கமாக வரும் 50 மி.மீ. லென்ஸில் எடுத்தால் நெகட்டிவில் அதன் நீளம் எவ்வளவு? 333-ஐ 3,700-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் 4.5 மி.மீ. நெகட்டிவின் அகலம் 36 மி.மீ. உலகத்தின் மிகப்பெரிய போர்க்கப்பல் வகைகளில் ஒன்று, படத்தில் எட்டில் ஒரு பங்கு. மீதி ஏழு பங்கு கடல், வானம், மணல், மெரினாவில் சுண்டல் விற்கிறவர், குதிரை, குடை.

யமண்டன் படம் வேண்டுமென்றால் இதில் ஏமாற்றம்தான். 200 மி.மீ. லென்ஸ் மாட்டினால் 18 மி.மீ., பாதி ஃப்ரேம். டிஜிட்டலில் இன்னும் பெரிய ஜூம் போட்டுத் துறைமுகத்துக்குள் நிற்பது மாதிரியே காட்டிவிடலாம். ஆனால் அந்த 4.5 மி.மீ.தான் உண்மையான விகிதம். சென்னைக்காரர் ஒருவரின் சாயங்காலத்தில் அந்தக் கப்பல் பிடித்திருந்த இடம் அவ்வளவுதான். அது பக்கத்தில் வரவில்லை, நம்மையும் பக்கத்தில் விடவில்லை. அந்தத் தூரமே செய்தி. ஜூம் அதைத்தான் முதலில் அழிக்கிறது.

இன்னொன்று, சென்னைக் கரை கிழக்கு பார்த்தது. காலையில் சூரியன் கப்பலுக்குப் பின்னால் இருக்கும். படத்தில் கப்பல் வெறும் கறுப்பு உருவமாக, ஜேன் வரைந்த படம் மாதிரியே விழும். மதியத்துக்கு மேல் வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து வரும். கப்பலின் சாம்பல் நிறம் அப்போது எழும், கூடவே கரையில் நிற்கிற ஆட்களின் முதுகும். ஒரே இடம், ஒரே லென்ஸ்தான். காலையில் கிடைப்பது அடையாளக் கையேடு, சாயங்காலம் கிடைப்பது கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு காட்சி. எந்த நேரத்துக்குப் போகிறோம் என்பதிலேயே நிலைப்பாடு வந்துவிடுகிறது.

*

ஃபிலிமுக்கு வருவோம். பென்டாக்ஸ் கே1000, யாஷிகா, நிக்கான் எஃப்எம்2 என்று அப்பா, மாமா காலத்து கேமராக்கள் அலமாரியிலிருந்து இறங்குகின்றன. மலைச்சரிவு ஊர்களில் லென்ஸில் பூஞ்சை பிடித்துத்தான் பாதி இறங்கும். ஏலத்துக்கு நல்லதாக இருக்கிற ஈரம் கண்ணாடிக்கு நல்லதில்லை. இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், ஊட்டி இந்து நகரில், ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-களிலிருந்து 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் செய்துகொண்டிருந்தது. அது இப்போது இல்லை. இன்று இறக்குமதி ரோல், கழுவுகிற செலவு, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 36 படத்துக்கு ஆகும் பணத்தில் இரண்டு பேர் போடியிலிருந்து ரயிலில் சென்னை போய் வரலாம்.

இவ்வளவு செலவழித்து எடுப்பதால் அந்தப் படத்துக்குத் தானாக ஒரு கனம் வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கறுப்பு-வெள்ளை ஃபிலிமில், கிரெய்ன் தூக்கலாக, கொஞ்சம் மூட்டத்தோடு எடுத்த இன்றைய ஏவுகணைக் கப்பல் 1942-ன் கப்பல் மாதிரித் தெரியும். அழகாகவும் இருக்கும். பிரச்சினையும் அதுதான். இப்போது, இந்த ஒப்பந்தத்தின்படி, இந்தக் காரணத்துக்காக வந்த ஒரு ஆயுதம், கிரெய்னுக்குள் புகுந்ததும் பழைய நினைவுப்பொருள் ஆகிவிடுகிறது. காலம் துடைக்கப்பட்டுவிடுகிறது. பழைய சினிமாப் பாட்டுக்கு ஏங்குகிற மாதிரி ஒரு போர்க்கப்பலுக்கு ஏங்க வைப்பது கலையின் வேலை இல்லை.

அப்படியானால் ஃபிலிம் வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு காரணத்துக்காக. ஒரு கப்பலின் வருகை சாதாரணமாக மூன்று, நான்கு நாள். ஃபிலிமை அனுப்பி, கழுவி, ஸ்கேன் ஆகி வர ஒரு வாரம், பத்து நாள். அதாவது கப்பல் போன பிறகுதான் படம் வரும். 'வந்தாச்சு, பாருங்க' என்று உடனே பகிர்கிற உற்சாகத்துக்கு அதில் இடமில்லை. கடல் காலியான பிறகு, பரபரப்பு அடங்கிய பிறகு, நாம் என்ன பார்த்தோம் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது காரணம் அந்த 36 என்ற எண். கப்பலை முப்பத்தாறு தடவை பக்கவாட்டில் எடுக்க யாருக்கும் மனசு வராது. ஐந்து, ஆறு படத்துக்குப் பிறகு கேமரா தானாகத் திரும்பும். பக்கத்தில் நிற்கிறவர்களை, போலீஸ் தடுப்பை, வலை உலர்த்துகிறவர்களைப் பார்க்கும். ஃபிலிமின் நல்ல குணம் அதன் சலிப்பில் இருக்கிறது. கிரெய்னுக்கு அதில் பங்கில்லை.

*

இதை முழுசாகச் செய்து காட்டியவர்கள் ஜப்பானியர்கள். யோகோசுகா முன்பு ஜப்பானியக் கடற்படையின் தளம், 1945-க்குப் பிறகு அமெரிக்கத் தளம். 1973-ல் மிட்வே விமானந்தாங்கிக் கப்பலுக்கு அதுவே தாய்த்துறைமுகம் ஆனது. விருந்தாளி வந்து வீட்டிலேயே தங்கிவிட்ட கதை. அங்கே கப்பல் படத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் புகைப்படக் கலையில் நின்ற யோகோசுகா வேறு.

அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிகளின் வருகையை எதிர்த்து மாணவர்கள் அங்கே தெருவில் இறங்கியதைக் கிதாய் கஸுவோ எடுத்தார். 1965-ல் 'தெய்கோ', அதாவது 'எதிர்ப்பு' என்ற பெயரில் அது புத்தகமாக வந்தது. நீர்மூழ்கியை மையத்தில் வைத்த புத்தகம் இல்லை அது. ஓடுகிற, தள்ளப்படுகிற உடம்புகள்தான் அதில் இருக்கின்றன. ஒரு கப்பல் எவ்வளவு பெரியது என்பதை அந்த உடம்புகளின் நெரிசல் சொல்லிவிடுகிறது. தோமாட்சு ஷோமெய் வருஷக்கணக்கில் அமெரிக்கத் தளங்களைச் சுற்றியுள்ள ஊர்களை எடுத்தார். சிப்பாய், மதுக்கடை, குழந்தைகள். வெறுப்பும் ஈர்ப்பும் ஒரே ஃப்ரேமில் இருக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் விட்டதுதான் அவருடைய நேர்மை.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் இஷியுச்சி மியாகோ. யோகோசுகாவில் வளர்ந்தவர். பிறகு அந்த ஊருக்குத் திரும்பிப் போய் எடுத்த படங்களை 1979-ல் 'யோகோசுகா ஸ்டோரி' புத்தகமாக வெளியிட்டார். அதில் கிரெய்ன் கன்னாபின்னாவென்று இருக்கும். மேலே நான் திட்டிய அதே கிரெய்ன்தான். ஆனால் அங்கே அது பழமையின் மினுமினுப்பாக இல்லை. தெருவும் சுவரும் வீடும் ஒரு பெண்ணுக்கு எப்படிக் கரடுமுரடாகத் தோன்றியதோ, அந்த உணர்ச்சியாக இருக்கிறது. ஒரே கிரெய்ன் கப்பல்மேல் விழும்போது அலங்காரமாகிறது, கரைமேல் விழும்போது சாட்சியாகிறது. வித்தியாசம் ஃபிலிமில் இல்லை, கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் இருக்கிறது.

'அவங்க ஊர்ல தளம் இருந்துச்சு, நமக்கு நாலு நாள் விருந்தாளிதானே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 ஆகஸ்டைப் பாருங்கள். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல் தளத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல் பழுதுபார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுதுபார்ப்புக்கு இந்தியா வந்தது அதுவே முதல் முறை. அதே ஆகஸ்டில், 16-ஆம் தேதி, இலங்கையின் ஹம்பாந்தோட்டைக்குச் சீனாவின் யுவான் வாங் 5 வந்தது. செயற்கைக்கோள்களையும் ராக்கெட்டுகளையும் பின்தொடரும் கப்பல், மேல்தளத்தில் பெரிய பெரிய டிஷ். இரண்டும் நீளத்தில் 200 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டும் பீரங்கிப் பெருமைக்காகச் செய்த கப்பல்கள் இல்லை. இங்கே ஒன்று நட்பின் அடையாளம் ஆனது, மற்றொன்று உளவுக் கப்பல் ஆனது.

இதில் எது சரி, எது தப்பு என்ற அரசியல் விவாதத்துக்குள் நான் போகவில்லை. புகைப்படம் பார்க்கிறவனாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டு கப்பலின் பக்கவாட்டுப் படங்களையும் தலைப்பை மறைத்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நட்பும் உளவும் படத்தில் எங்கேயும் தெரியாது. தலைப்புதான் எல்லா வேலையும் செய்கிறது. பக்கவாட்டு உருவத்தை வைத்து எதிரியைக் கண்டுபிடித்த ஜேனின் காலம் முடிந்துவிட்டது. இப்போது தலைப்பை வைத்துத்தான் எதிரியைக் கண்டுபிடிக்கிறோம். யமண்டன் படம் எந்தத் தலைப்புக்கும் தலையாட்டும். தலைப்பை எதிர்த்துப் பேசக்கூடிய விவரங்கள் கரையில் இருக்கின்றன. பழுதுபார்க்கிற தொழிலாளி, எந்தக் கொடி யார் கையில் இருக்கிறது, எந்தப் படகு கடலுக்குப் போகவில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

*

இதற்கு எல்லை உண்டு. துறைமுகத்துக்குள்ளும் கடற்படைத் தளத்திலும் கேமராவைத் தூக்க முடியாது. 1923-ஆம் வருஷத்து அரசு ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பொதுமக்களுக்குரிய கடற்கரைதான் நம் இடம். இதைக் குறையாக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மை வெளியே நிறுத்திய அதே வருகையை வந்தவர்கள் உள்ளேயிருந்து நன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கடற்படைக்கென்று சொந்தப் புகைப்படக்காரர்கள் உண்டு. அவர்கள் வேலையாக எடுக்கும் படங்களுக்குக் காப்புரிமை கிடையாது, யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தாராளமான ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவு, 2007 ஜூலையைத் தேடுகிற ஒரு மாணவிக்குக் கையெட்டும் தூரத்தில் கிடைப்பது வந்தவர் எடுத்த படம். விமானத்தளம், சீருடை, சிரித்த முகங்கள். அந்தப் படங்களில் சென்னை ஒரு பின்னணி. சென்னை அந்தக் கப்பலைப் பார்த்த விதம் அவற்றில் இல்லை.

பணயம் இதுதான். படம் எடுக்கிறவர்தான் நினைவை வைத்துக்கொள்கிறார். 1914-ல் படம் இல்லாவிட்டாலும் நம்மிடம் ஒரு சொல் மிஞ்சியது, தாக்கப்பட்ட கரையே செய்துகொண்ட சொல். இன்று படங்கள் கொட்டிக்கிடக்கின்றன. அதனாலேயே சொல் எதுவும் பிறப்பதில்லை. நிமிட்ஸ் தமிழில் ஒரு வசவாகக்கூட மாறவில்லை.

போடியிலிருந்து பார்த்தால் சென்னையைவிடக் கொச்சி பக்கம். மலையேறி மூணாறு வழியாக இறங்கினால் அரை நாள். அங்கே கணக்கு தலைகீழ். கொச்சித் துறைமுகத்துக்குள் வருகிற கப்பல்கள் ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவேயுள்ள முகத்துவாரம் வழியாகத்தான் போகணும். 150 மீட்டர் நீளமுள்ள ஒரு போர்க்கப்பல் 400 மீட்டர் தூரத்தில் போனால், அதே 50 மி.மீ. லென்ஸில் 19 மி.மீ., பாதி ஃப்ரேமுக்கு மேல். ஜூமே வேண்டாம். மற்ற பாதியில் சீன வலையின் மூங்கில், அக்கரைக்குப் போகும் ஜங்கார், மீன் ஏலம் போடுகிறவர், கப்பலைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு பெண். இந்த ஃப்ரேமில் கப்பலைத் தனியாகப் பிரித்தெடுக்கத்தான் கஷ்டப்பட வேண்டும்.

யமண்டன் படம் வேண்டும் என்பவர்கள் வலை விலகும்வரை, ஜங்கார் போகும்வரை காத்திருப்பார்கள். ஃபிலிமில் எடுக்கிறவர்களுக்கு என் யோசனை நேர் எதிரானது. ஜங்கார் குறுக்கே வரும்வரை காத்திருங்கள். கப்பலின் எண் மறையட்டும், பரவாயில்லை. அந்த எண் அவர்களுடைய ஆவணத்தில் பத்திரமாக இருக்கும். ஜங்காரில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரின் முகம் வேறு யாரிடமும் இருக்காது. ரோல் முடிந்ததும் உறையில் தேதியும் இடமும் எழுதிவையுங்கள், கப்பலின் பெயரைக் கடைசியில் எழுதலாம்.